சாப்பிட்டது எங்கே போகிறது? செரிமானமும் நொதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செரிமானம் என்றதும் பலருக்கு இரைப்பைதான் நினைவுக்கு வருகிறது. வேலையில் பெரும்பகுதி நடப்பது அதற்கு அப்புறம் வரும் சிறுகுடலில். இந்தக் குழப்பத்திலிருந்து கிளைக்கும் கேள்விகள் ஏராளம், அவற்றுக்குச் சுற்றி வரும் தவறான பதில்கள் அதைவிட ஏராளம். அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சாப்பிட்டதை எதற்கு இவ்வளவு பாடுபட்டு உடைக்க வேண்டும்? அப்படியே உறிஞ்சிக்கொண்டால் என்ன?

வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் குழாயை ஒரு மலைச் சுரங்கப்பாதை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் இருக்கும் காற்று மலையின் பகுதி ஆகிவிடாது, அது வெளிக்காற்றுதான். அதே போல நீங்கள் விழுங்கிய உணவு குடலுக்குள் இருக்கும் வரை உடம்புக்கு வெளியே இருப்பதாகத்தான் கணக்கு. குடல் சுவரைத் தாண்டினால்தான் அது உங்களுடையது.

அந்தச் சுவர் மிகச் சிறிய மூலக்கூறுகளை மட்டுமே உள்ளே விடும். மாவுச்சத்து என்பது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் கோத்த சங்கிலி, புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, இரண்டுமே அந்த வாசலுக்குள் நுழையாது. நுழைந்தாலும் ஆபத்து, ஏனென்றால் இன்னொரு உயிரின் புரதம் முழுசாக ரத்தத்துக்குள் வந்தால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாக நினைத்துப் பாயும். ஆகவே கோத்த மணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அடையாளம் தெரியாத தனி மணிகளாக்கி உள்ளே எடுத்துக்கொண்டு, நம் தேவைக்கு ஏற்ப மறுபடி கோக்கிறோம். செரிமானம் என்று சொல்வது இந்த அவிழ்ப்பைத்தான்.

நொதி என்றால் சரியாக என்ன?

வேதிவினையை வேகப்படுத்திவிட்டுத் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும் புரதம். புரதச் சங்கிலியில் இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு சாதாரணத் தண்ணீரில் தானாக அறுந்துபோக பல நூறு ஆண்டுகள் ஆகும், அவ்வளவு உறுதியானது. நாமோ சாப்பிட்ட புரதத்தைச் சில மணி நேரத்தில் அவிழ்த்துவிடுகிறோம். நொதி இல்லாவிட்டால் வயிறு நிறையச் சாப்பிட்டும் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

ஒவ்வொரு நொதிக்கும் அதன் பரப்பில் ஒரு குழிவு இருக்கும், அதற்குப் பொருந்தும் மூலக்கூறுதான் அதில் உட்காரும். 1894-இல் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்று உவமை சொன்னார். பின்னால் 1958-இல் டேனியல் கோஷ்லாண்ட் அதைத் திருத்தினார்: குழிவு விறைப்பாக நிற்பதில்லை, மூலக்கூறு வந்து உட்காரும்போது கொஞ்சம் வளைந்து பிடித்துக்கொள்கிறது. பூட்டைவிடக் கையுறை என்று சொன்னால் இன்னும் பொருந்தும். மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் புரதத்தைத் தொடாததும், புரதத்தை வெட்டும் டிரிப்சின் கொழுப்பை ஏறெடுத்தும் பார்க்காததும் இதனால்தான்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. 1870களில் வில்ஹெல்ம் கூனே வைத்த என்சைம் என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் 'புளித்த மாவுக்குள் இருப்பது' என்பது போன்ற பொருள். தமிழில் நொதித்தல் என்ற சொல்லிலிருந்து நொதி என்று எடுத்தவர்கள் அதே இடத்தைத்தான் தொட்டிருக்கிறார்கள். நல்ல கலைச்சொல் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இரைப்பைக்குள் நடப்பதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இரைப்பை உணவை வெறுமனே அரைக்கிறதா, இல்லை கரைக்கிறதா என்பது நீண்ட காலச் சண்டை. 1752-இல் பிரான்ஸைச் சேர்ந்த ரெயோமூர் தான் வளர்த்த பருந்துக்கு, இறைச்சி அடைத்த சிறு உலோகக் குழாயைக் கொடுத்து விழுங்க வைத்தார். செரிக்காததைக் கக்கிவிடுவது பருந்தின் இயல்பு. கக்கிய குழாய் நசுங்காமல் இருந்தது, உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. அரைக்க வழியே இல்லாத இடத்தில் கரைந்திருக்கிறது என்றால் அது அங்கே இருக்கும் நீரின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

மனிதரில் தெரிந்தது ஒரு விபத்தால். 1822-இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளி மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் காயம் மூடாமல் வயிற்றிலிருந்து இரைப்பைக்குள் ஒரு துளையாகவே ஆறிவிட்டது. சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் பட்டு நூலில் உணவைக் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, வெதுவெதுப்பாக வைத்து அதில் இறைச்சியைப் போட்டார், அங்கேயும் கரைந்தது. 1833-இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார். மருத்துவருக்குப் பெயர் கிடைத்தது. அந்தத் துளையோடு 1880 வரை வாழ்ந்தவர் செயின்ட் மார்ட்டின். வறுமையில் வேறு போக்கில்லாமல் சோதனைக்கு உட்பட்ட அந்த மனிதருக்குத்தான் நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

நன்றாக மென்று சாப்பிடச் சொல்வது உண்மையிலேயே உதவுமா?

உதவும். நொதி வெளிப்பரப்பில்தான் வேலை செய்ய முடியும். ஒரு துண்டை நூறாக நொறுக்கினால் பரப்பு பல மடங்கு கூடுகிறது. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பதில் நூறு வயதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, நொறுங்கத் தின்பதற்கு அறிவியல் துணை நிற்கிறது.

எச்சில் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தை வெட்டத் தொடங்கிவிடும். ஒரு துண்டு ரொட்டியை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், லேசாக இனிக்கும். அந்த இனிப்பு ரொட்டியில் போட்டதில்லை, உங்கள் வாயில் இப்போது உருவானது.

இரைப்பையின் வேலைதான் என்ன அப்புறம்?

சேமிப்புக் கிடங்கு, கலக்கும் இயந்திரம், கிருமிகளை வடிகட்டும் காவல், மூன்றும் அதுதான். புரதத்தை வெட்டும் வேலையைத் தொடங்கி வைக்கிறது, முடிப்பதில்லை. அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புரதத்தின் மடிப்புகளை அவிழ்த்து விரிக்கிறது, விரிந்த சங்கிலியைப் பெப்சின் துண்டாக்குகிறது. பெப்சினை 1836-இல் தியோடர் ஷ்வான் கண்டுபிடித்தார், விலங்கு உடலிலிருந்து பிரித்தறியப்பட்ட முதல் நொதி அது.

கலந்து கூழாக்கியதைச் சிறுகுடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். கொழுப்பு அதிகமாக இருந்தால் இன்னும் மெதுவாக விடும், ஏனென்றால் கொழுப்பு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் சிறுகுடலே ஒரு ஹார்மோனை அனுப்பி 'மெல்ல விடு' என்கிறது. எண்ணெய் மிகுந்த சாப்பாடு நெடுநேரம் வயிற்றில் கனமாக நிற்பது இதனால்தான்.

இறைச்சியையே கரைக்கும் இரைப்பை தன்னையே ஏன் கரைத்துக்கொள்வதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரைப்பையும் புரதத்தால் ஆனதுதான். உள்ளே இருக்கும் அமிலமோ ரத்தத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வீரியமானது. அப்படியிருந்தும் அது முழுசாக இருக்கிறது என்றால், உடம்பு எவ்வளவு முன்யோசனையோடு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்!

முதல் ஏற்பாடு, பெப்சினைப் பெப்சினாகவே தயாரிக்காமல் இருப்பது. இரைப்பைச் செல்கள் சுரப்பது பெப்சினோஜென் என்ற உறங்கும் வடிவம். கத்தியின் மேல் உறை போட்டிருப்பது போல, அந்த மூலக்கூறின் ஒரு பகுதியே அதன் வெட்டும் குழிவை அடைத்துக்கொண்டிருக்கும். செல்லை விட்டு வெளியே வந்து அமிலத்தில் நனைந்த பிறகுதான் உறை கழன்று விழும். தயாரித்த செல்லுக்குள் அது ஒருபோதும் விழித்திருப்பதில்லை.

அடுத்தது சளிப்படலம். இரைப்பையின் உட்சுவர் முழுக்கக் கெட்டியான சளி பூசப்பட்டிருக்கிறது, அதற்குள் பைகார்பனேட் என்ற காரப் பொருள் ஊறிக்கொண்டே இருக்கிறது. அமிலம் சளிக்குள் இறங்க இறங்க நடுநிலையாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்தப் படலத்தின் ஒரு பக்கம் கடும் அமிலம், மறுபக்கம் கிட்டத்தட்டத் தண்ணீர். இத்தனைக்கும் தப்பிச் சில செல்கள் சேதமாகும், அதற்கும் ஏற்பாடு உண்டு, மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றப்பட்டுவிடுகின்றன.

இந்தக் காவல் எங்கே உடைகிறதோ அங்கே புண் வருகிறது. காரமும் கவலையும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள், யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தப் பாக்டீரியா அமிலத்தில் தாக்குப்பிடிப்பதும் ஒரு நொதியால்தான், யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு தன்னைச் சுற்றி அம்மோனியா உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொள்கிறது. கிருமியோடு சேர்த்து, வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவதும் புண்ணுக்குப் பெரிய காரணம், அவை சளிப்படலத்தின் உற்பத்தியையே குறைக்கின்றன.

கணையம் என்ன செய்கிறது? இன்சுலின் மட்டும்தானே?

இன்சுலின் புகழில் மற்றது மறைந்துவிட்டது. கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீர் தயாரிக்கத்தான் இருக்கிறது, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கைமோடிரிப்சின் என்று எல்லாமே அங்கிருந்து வருகின்றன. கூடவே நிறையப் பைகார்பனேட். இரைப்பையிலிருந்து வந்த அமிலக் கூழை அது நடுநிலையாக்கினால்தான் இந்த நொதிகள் வேலை செய்யும்.

அமிலம் வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்? நரம்புதான் என்று நினைத்திருந்தார்கள். 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நரம்புகளை அறுத்த பிறகும் கணையம் சுரப்பதைப் பார்த்தார்கள். சிறுகுடல் சுவர் ரத்தத்தில் ஒரு வேதித் தூதை அனுப்புகிறது, அதற்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற கருத்தே இந்தக் குடல் ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான்.

இங்கேயும் அதே உறங்கும் நொதி ஏற்பாடு. டிரிப்சின் கணையத்தில் டிரிப்சினோஜெனாக உறங்குகிறது. அதை எழுப்பும் என்டரோகைனேஸ் என்ற நொதி கணையத்தில் இல்லை, சிறுகுடல் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெடிமருந்து ஓர் ஊரில், தீக்குச்சி வேறோர் ஊரில். குடலுக்குள் போன பிறகு ஒரு டிரிப்சின் விழித்தால் அது மற்றவற்றை எழுப்பிவிடும். கணையத்துக்குள்ளேயே தவறி ஒன்று விழித்துவிட்டால் அணைக்க ஒரு தடுப்புப் புரதமும் கைவசம் இருக்கிறது.

அதையும் மீறிக் கணையத்துக்குள் நொதிகள் விழித்துக்கொள்வதுதான் திடீர்க் கணைய அழற்சி, உறுப்பு தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். பித்தக்கல்லும் மதுவும் முக்கியக் காரணங்கள். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பாயும். என் நெருங்கிய உறவினர் ஒருவர் இதை வாயு என்று நினைத்து ஒரு இரவு முழுக்க வீட்டிலேயே துடித்தார். மறுநாள் ரத்தத்தில் லைபேஸ் அளவைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தயவுசெய்து இந்த வலியோடு காத்திருக்காதீர்கள்.

பித்தநீரும் ஒரு நொதிதானே?

இல்லை, பாடப்புத்தகம் படித்தவர்களே இதில் தவறுகிறார்கள். பித்தநீரில் செரிமான நொதி எதுவும் கிடையாது. கல்லீரல் அதைத் தயாரிக்கிறது, பித்தப்பை அதைக் கெட்டியாக்கிச் சேமிக்கிறது.

கொழுப்பு தண்ணீரில் கலக்காது, பெரிய துளிகளாகத் திரண்டு நிற்கும், லைபேஸ் தண்ணீரில் இருக்கும் நொதி என்பதால் துளியின் மேல்பரப்பை மட்டுமே தொட முடியும். பித்த உப்புகள் சோப்பு மாதிரி அந்தத் துளிகளைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து லைபேஸுக்கு இடம் உண்டாக்கித் தருகின்றன. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுமார் 95 சதவீதப் பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். ஒரே உப்பு ஒரு நாளில் பலமுறை சுற்றி வருகிறது.

பித்தப்பையை எடுத்துவிட்டால் கொழுப்பு செரிக்காதா?

செரிக்கும். எடுப்பது கிடங்கைத்தான், தொழிற்சாலையான கல்லீரல் அப்படியே இருக்கிறது. பித்தநீர் சேமிக்கப்படாமல் சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு வந்துகொண்டே இருக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கு இருக்கலாம், பெரும்பாலும் பழகிவிடும்.

சிறுகுடலில் அப்படி என்ன விசேஷம்?

பரப்பு. நீளம் சுமார் 6 மீட்டர். உட்சுவரில் மடிப்புகள், மடிப்புகளின் மேல் விரல் போன்ற குடலுறிஞ்சிகள், ஒவ்வொரு உறிஞ்சியின் செல்லிலும் இன்னும் நுண்ணிய விரல்கள். டென்னிஸ் மைதானம் அளவு பரப்பு என்று பழைய புத்தகங்களில் இருக்கும், அது மிகை. பின்னால் கவனமாக அளந்தபோது சுமார் 30 சதுர மீட்டர் என்று வந்தது, அதுவே ஒரு பெரிய அறை.

கடைசி வெட்டு இந்த நுண்விரல்களின் மேலேயே நடக்கிறது. லாக்டேஸ், சுக்ரேஸ், மால்டேஸ் போன்ற நொதிகள் குடல் நீரில் மிதப்பதில்லை, செல் சவ்விலேயே பதிந்திருக்கின்றன. வெட்டிய கையோடு பக்கத்து வாசல் வழியாகச் சர்க்கரை உள்ளே போய்விடும். சர்க்கரையும் அமினோ அமிலமும் ரத்தத்தில் ஏறி நேராகக் கல்லீரலுக்குப் போகும். கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் வழியாகச் சுற்றிப் போய் இதயத்துக்குப் பக்கத்தில்தான் ரத்தத்தில் சேர்கிறது.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது. இது ஒவ்வாமையா?

பெரும்பாலும் இல்லை. லாக்டேஸ் குறைந்திருக்கும். பால் சர்க்கரையை வெட்டும் இந்த நொதி குழந்தைப் பருவத்தில் நிறைய இருந்து, தாய்ப்பால் மறந்த பிறகு குறைவதுதான் பாலூட்டிகளின் பொது வழக்கம். உலகப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இது குறைகிறது. ஆகவே இதை நோய் என்றே சொல்லக்கூடாது. கால்நடை வளர்த்துப் பால் குடித்த கூட்டங்களில் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பரவிய ஒரு மரபணு மாற்றம்தான் சிலருக்கு ஆயுள் முழுக்க லாக்டேஸைத் தருகிறது.

வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகும், தண்ணீரை இழுக்கும், அங்குள்ள பாக்டீரியா அதைத் தின்று வாயு உண்டாக்கும். அவ்வளவுதான் விஷயம். பலரும் ஒரு தம்ளர் வரை பிரச்சினை இல்லாமல் குடிக்க முடியும். தயிரில் இருக்கும் பாக்டீரியாவே பாதி வேலையை முடித்துவிடுவதால் அது இன்னும் எளிது. ஒவ்வாமை என்பது பால் புரதத்துக்கு எதிராக நோய் எதிர்ப்பு மண்டலம் கிளம்புவது, அது வேறு, அதில் உயிராபத்தும் உண்டு.

வயிறு ஏன் கடமுடவென்று சத்தம் போடுகிறது?

காலியாக இருக்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடல் கடைசி வரை ஓர் அலை ஓடும், மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளுவதற்காக. காற்றும் நீரும் சேர்ந்து நகர்வதால் வரும் சத்தம் அது. எந்நேரமும் கொறித்துக்கொண்டே இருந்தால் இந்தத் துப்புரவுக்கு நேரம் கிடைக்காது.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான நீர் நீர்த்துப்போகும் என்கிறார்களே?

கவலை வேண்டாம். ஒரு நாளில் குடலுக்குள் வந்து சேரும் மொத்த நீர் சுமார் 9 லிட்டர், அதில் நாம் குடிப்பதும் உண்பதும் வெறும் 2 லிட்டர், மிச்சம் உடம்பே ஊற்றுவது. ஒரு தம்ளர் தண்ணீர் சீக்கிரமே இரைப்பையை விட்டுப் போய்விடும், தேவைப்பட்டால் இன்னும் அமிலம் சுரக்கும்.

பச்சையாகச் சாப்பிட்டால் உணவில் இருக்கும் நொதி நமக்கு உதவுமா? நொதி மாத்திரை வாங்கலாமா?

உணவில் இருக்கும் நொதியும் புரதம்தான், இரைப்பைக்கு அதுவும் சாப்பாடு. பெரும்பாலானவை அமிலத்தில் சிதைந்து செரிக்கப்பட்டுவிடும். பப்பாளியின் பப்பெயினும் அன்னாசியின் புரோமெலெயினும் இறைச்சியை மிருதுவாக்குவது உண்மை, அதை ஊற வைக்கும் பாத்திரத்தில் செய்யட்டும். சமைப்பதால் நொதி போய்விடுகிறது என்று வருத்தப்படவும் வேண்டாம், சூடு மாவுச்சத்தையும் புரதத்தையும் விரித்துக் கொடுத்து நம் சொந்த நொதிகளின் வேலையை எளிதாக்குகிறது.

மாத்திரை சிலருக்கு உயிர் காக்கும் மருந்து: நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள், கணையத்தை எடுத்தவர்கள். அந்த மாத்திரைகள் அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரையும்படி பூச்சுப் போட்டு வருகின்றன. லாக்டேஸ் மாத்திரையும் பாலோடு எடுத்தால் வேலை செய்யும். ஆரோக்கியமான கணையம் தேவைக்கு மேல் பல மடங்கு நொதி சுரக்கிறது, அதன் மேல் இன்னும் கொட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. வெறும் வயிற்று உப்புசத்துக்கு இதை விற்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது, உண்மையான காரணத்தைத் தேட வேண்டிய நேரம் வீணாகிறது.

நார்ச்சத்து செரிக்காது என்றால் எதற்குச் சாப்பிட வேண்டும்?

செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான், கோத்த விதம் மட்டும் வேறு, அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. நார்ச்சத்தில் ஒரு பகுதியைப் பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியா வெட்டும். அவை வெளிவிடும் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள். பயறு வகைகள் வாயு தருவதும் இதே கணக்குதான், அவற்றில் உள்ள சில சர்க்கரைகளை நாம் வெட்ட முடியாமல் அந்தப் பாக்டீரியாவுக்கு விட்டுவிடுகிறோம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், ரத்தம் கலந்தால், ரத்த வாந்தி வந்தால், விழுங்கச் சிரமமாக இருந்தால், முயற்சி இல்லாமல் எடை குறைந்தால், கண் மஞ்சளானால், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து கழுவினாலும் போகாமல் ஒட்டினால். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதை எடுப்பவர்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரைப்பையே இல்லாமல் வாழ முடியுமா?

முடியும். 1897-இல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதும் அகற்றினார், அவர் பிழைத்து ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். இன்று புற்றுநோய்க்காக அப்படி எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள், பெப்சின் இல்லாத குறையைக் கணையத்தின் டிரிப்சின் ஈடு கட்டிவிடும். கிடங்கு போய்விட்டதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும். ஈடு கட்ட முடியாதது ஒன்றே ஒன்று: வைட்டமின் பி12-ஐச் சிறுகுடல் உறிஞ்ச ஒரு துணைப் புரதம் தேவை, அதைச் சுரப்பது இரைப்பை மட்டும். கல்லீரலில் இருக்கும் பி12 இருப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறைபாடு உடனே தெரியாது, தெரியும்போது ரத்தசோகையோ கைகால் மரத்துப்போவதோ தொடங்கியிருக்கும். அதனால் அறுவை முடிந்ததிலிருந்தே பி12 கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள், பெரும்பாலும் ஊசியாக, ஆயுள் முழுக்க.